ஒற்றைக் கண்ணும் ஊதா விளக்கும்

மதிப்புக்கும் லேசான பயத்துக்கும் உரிய மூத்த சகலை அவர்களுக்கு,

இளைய சகலை எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் கொழுந்தியாள் நலம், பிள்ளைகள் நலம், என் மூக்கு நலமில்லை. அங்கே நீங்களும் அக்காவும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். அதிலும் அத்தையின் வலது கண் மிக நலமாக இருக்க வேண்டும். மற்ற உறுப்புகளைப் பற்றி அடுத்த முறை விசாரிக்கிறேன்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் டிரைவர் நான் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். வெயிலில் காலடி வைக்காமலே நான் வெயிலில் வெந்துபோனேன். கதவு சாத்திய அறைக்குள், கூரைக்குக் கீழே நின்று, முகம் முழுக்கத் தோல் உரிந்து, இப்போது பார்க்க வேகவைத்து அவசரமாக உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறேன். அதோடு போனதா என்றால் இல்லை. கண் ஆஸ்பத்திரி மேனேஜராகிய நான் என் இரண்டு கண்ணையும் பழுக்கவைத்துக்கொண்டு, என் ஆஸ்பத்திரியிலேயே டோக்கன் வாங்கி, நானே வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் சட்டைப் பையில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு, மேனேஜரே இங்கதான் காட்டுறாருன்னா டாக்டர் நல்ல கைராசிக்காரராத்தான் இருக்கணும் என்று தன் மனைவியிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு நான் செய்த ஒரே விளம்பரம் அதுதான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் போனை எடுத்த உடனே ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்து, கூட்டத்தில் பேசுகிற மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, ம், சொல்லுங்க சகல என்பீர்கள். பக்கத்தில் அத்தை இருப்பார். அத்தைக்குப் பார்வை மங்க மங்கக் காது தீட்டிய கத்தியாகிக்கொண்டே போகிறது. டம்ளரில் காபி ஊற்றும்போதுகூட அது நிரம்புவதைக் காதால்தான் பார்க்கிறார் என்று அக்கா சொல்லி அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படிப்பட்ட காதில் நான் எழுதப்போகும் சங்கதி விழவே கூடாது. அதனால்தான் கடிதம். எங்கள் வேன் உங்கள் ஊருக்கு மருந்துப் பெட்டி இறக்க வருகிறது. திரும்பும்போது அத்தையை ஏற்றி அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு. வேனுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஏற்றி முடிப்பதற்குள் நான் எழுதி முடிக்க வேண்டும். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். அக்காவிடம் காட்டாதீர்கள். காட்டுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தையின் இடது கண் எப்படிப் போனது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர் நீங்கள். ஆபரேஷன் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. பிறகு உள்ளே ஏதோ கிருமி புகுந்து, கண் சிவந்து, சீழ் கட்டி, விளக்கு அணைகிற மாதிரி அணைந்துபோனது. அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு டாக்டர் என்றால் சிம்ம சொப்பனம். வலது கண்ணில் புரை வெள்ளையாகத் திரண்டு நின்றபோதும், இருக்கிற மங்கலே எனக்குப் போதும் என்று உட்கார்ந்துவிட்டார். உங்கள் ஊரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். மாமியார் வீட்டில் மூத்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதியாவது நமக்கும் வேண்டாமா என்கிற அற்பப் புத்திதான், வேறொன்றும் இல்லை. எங்க தியேட்டர்ல ஒரு கிருமி உள்ள நுழையணும்னா என்கிட்ட கையெழுத்து வாங்கணும் அத்தே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சொன்ன இடம் உங்கள் வீட்டுக் கூடம், நீங்களும் இருந்தீர்கள், உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து அன்று எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. அத்தை என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“எனக்கு மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான் மாப்ளே. அதை உங்களை நம்பித்தான் தர்றேன்.”

சகலை, அந்த ஒரு வாக்கியம் என் வயிற்றில் போய்க் கல்லாக உட்கார்ந்தது, இன்னும் இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் எங்கள் தியேட்டர் கூரை ஒழுகியது. ஆபரேஷன் தியேட்டரைச் சொல்கிறேன். மேலே இருந்த குழாய் உடைந்து, கூரை ஊறி, சுவரில் கறுப்பாகப் பூசணம் படர்ந்து, பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டச் சொன்னார். கூரையைப் பிரித்துக் கட்டி, பெயின்ட் அடித்து, கழுவித் துடைத்தாகிவிட்டது. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் இருக்கிறது. பூட்டிய தியேட்டரைத் திறப்பதற்கு முன் அதன் காற்றையும் மேசை, சுவர், தரையையும் சோதித்து, சுத்தம் என்று கிருமி மேடம் சொல்ல வேண்டும். கிருமி மேடம் என்பது எங்கள் பரிசோதனைக் கூடத்துத் தலைவிக்கு நான் வைத்த பெயர். அது அவருக்குத் தெரியும் என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரியும். சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளங்கை அகல வட்டத் தட்டு, அதில் ஜெல்லி மாதிரி கிருமிகளுக்கான சாப்பாடு. அதைத் தியேட்டரில் திறந்து வைத்தால் காற்றில் மிதப்பது அதில் வந்து விழும். மூடி எடுத்துக்கொண்டு போய் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தால், விழுந்த ஒவ்வொன்றும் குட்டி போட்டுப் பெருகி, கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியாக வளர்ந்து நிற்கும். புள்ளி இல்லையென்றால் தியேட்டர் உண்டு, புள்ளி இருந்தால் பூட்டுதான்.

தட்டு வைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கல் வயிற்றில் இருக்கிறதல்லவா, வேறு யார் கையிலும் விட மனசு வரவில்லை. அறையின் கூரையில் யூவி விளக்கு இருக்கிறது. புற ஊதாக் கதிர் என்று பிள்ளைகள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆள் இல்லாதபோது வெளியிலிருந்து ஸ்விட்ச் போட்டால் அறை முழுக்க ஊதா நிறத்தில் எரியும், அந்த வெளிச்சம் பட்ட கிருமி பிழைக்காது. அதை இரவெல்லாம் எரியவிட்டு, காலையில் அணைத்து, தட்டுகளைத் திறந்து வைத்து, எடுத்துக் கொடுத்துவிட்டு, அத்தைக்குப் போன் போட்டு, எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குது அத்தே என்று சொல்லிவிட்டேன். முடிவு வந்தது. மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எண்ண வேண்டிய அவசியமே இல்லை, வெள்ளையும் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளி மேல் புள்ளி, திருவிழாக் கூட்டத்தை மாடியிலிருந்து பார்த்த மாதிரி இருந்தது.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மாத முடிவில் அவர் பயிற்சிக்காக வெளியூர் போகிறார், திரும்ப மாதக் கணக்காகும். அத்தையின் கண்ணைச் சோதித்தவர் அவர்தான். இன்னும் தள்ளிப்போட்டால் புரை முற்றிக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அப்புறம் எந்த ஆபரேஷனும் பார்வையைத் திருப்பித் தராது என்று சொன்னவரும் அவர்தான். அதே வாயால் இப்போது, இந்தத் தட்டோட நான் உங்க அத்தைகிட்ட கத்தியைக் கொண்டுபோக மாட்டேன் என்றார். தள்ளிப்போட்டாலும் கண் போகும், அவசரப்பட்டாலும் கண் போகும். வீட்டுக்கு வந்து உங்கள் கொழுந்தியாளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எங்கம்மாவுக்கு மட்டும் ஏதாவது ஆச்சுன்னா, என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முடிக்காமல் விட்ட முதல் வாக்கியம் அது.

முதல் சந்தேகம் விளக்கின் மேல்தான். ஊதா கலரில் எரிவதெல்லாம் கிருமியைக் கொல்லுமா, கல்யாண மண்டபத்து வாசலிலும்தானே ஊதா கலர் எரிகிறது. மேடம் ஒரு காரியம் செய்தார். ஒரு தட்டு முழுக்க வேண்டுமென்றே கிருமியைத் தடவி, பாதியைக் காகிதத்தால் மறைத்து, விளக்குக்கு நேர் கீழே வைத்து எடுத்தார். நான் ஒத்தாசை செய்கிற ஆர்வத்தில் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு போய், நல்ல காற்று வெளிச்சம் படட்டும் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டேன். மேடம் கண்டுபிடித்தபோது அவருடைய மூக்கு நுனி சிவந்தது. யூவியில் அடிபட்டு அரைகுறையாகக் கிடக்கும் சில வகைக் கிருமிகள், சாதாரண வெளிச்சம் பட்டால் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்டு எழுந்துவிடுமாம், அதனால்தான் இருட்டில் வைக்கச் சொல்வார்களாம். ஆக, கிருமிகளுக்கும் நான் ஒரு ஆஸ்பத்திரி நடத்திப் பார்த்திருக்கிறேன், அங்கே குணமான கேஸ்கள்தான் அதிகம். மறுபடி ஒரு தட்டு போட்டு, மேடமே இருட்டில் வைத்து எடுத்துக் காட்டினார். காகிதம் மறைத்த பாதி வயல் மாதிரி வளர்ந்து நின்றது, வெளிச்சம் பட்ட பாதி துடைத்துவிட்ட மாதிரி வெறுமை, நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. பாதி நிலவு பார்த்திருப்பீர்களே, அதேதான். விளக்குக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியென்றால் விளக்குப் படாத இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று மேசைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் குச்சியில் பஞ்சைச் சுற்றித் துடைத்து எடுத்துப் பார்த்தோம். அங்கே ஒரு கிராமமே குடியிருந்தது. மேடம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். காத்துல தனியா மிதக்கிறதுங்க நடுத்தெருவில குடையில்லாம மாட்டிக்கிட்டவங்க மாதிரி சார், இந்த வெளிச்சம் பட்டா சீக்கிரம் போயிடும். கீழ படிஞ்சதுங்க தூசியைப் போர்வையா போத்திக்கிட்டு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிப் படுத்திருக்கும், மேல இருக்கிறது செத்து அடியில இருக்கிறதைக் காப்பாத்தும் என்றார். எனக்கு அந்த அடியில் இருப்பதன் மேல் ஒரு சின்ன மரியாதைகூட வந்தது, எங்கள் ஆபீசிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். மேசையைக் கவிழ்த்தோம், அலமாரியை வெளியே தள்ளினோம், சுவரைத் தேய்த்தோம், விளக்கின் குழாயில் படிந்திருந்த தூசியைக்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். அடுத்த முறை பஞ்சுகள் எல்லாம் சுத்தம். மேசை சுத்தம், தரை சுத்தம், சுவர் சுத்தம். காற்றுக்கு வைத்த தட்டில் மட்டும் அதே திருவிழா.

இதுதான் சகலை எங்கள் எல்லோரையும் குழப்பியது. மேடமே நெற்றியைச் சுருக்கினார். விளக்கு எரிஞ்ச ரூம்ல காத்துதான் முதல்ல சுத்தமாகணும், இங்க தலைகீழா இருக்கு என்றார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. யாராவது தும்மினால் பத்துத் தலை திரும்பும். எனக்கு ஏசி மெக்கானிக் மேல் சந்தேகம். குழாய் வழியாக அழுக்குக் காற்று வருகிறது என்று பிடிவாதம் பிடித்தேன். அந்த மனிதர் மேலே ஏறி, வடிகட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்து, இதைவிட வெள்ளையா ஒரு பனியன் உங்ககிட்ட இருந்தா காட்டுங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனார். புதுசு மாற்றச் சொன்னேன், மாற்றினார். தட்டு வைத்தேன், திருவிழா. அப்புறம் பெருக்குகிற அம்மாவைச் சந்தேகப்பட்டேன். அவர் மூன்று நாள் என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கொஞ்சம் அழுத்திப் பெருக்கினார். தலைமை நர்ஸைச் சந்தேகப்பட்டேன். அவரிடம் சொல்லத் தைரியம் வராததால் அந்தச் சந்தேகம் இன்னும் அப்படியே இருக்கிறது. இதற்கிடையில் தினமும் அத்தை போன் செய்வார். பை கட்டி வாசல்ல வெச்சிட்டேன் மாப்ளே, எல்லாம் சரியா இருக்கில்ல? நான் சொல்வேன், கண்ணாடி மாதிரி இருக்குது அத்தே. போனை வைத்த பிறகு அடுத்த வேளைச் சாப்பாடு இறங்காது.

அந்த நிலைமையில்தான் என் மூக்கு வெந்தது. கதவில் இருக்கும் கண்ணாடி வழியாக யூவி வராது, அதனால் வெளியே நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கில் இரண்டு குழாய், அதில் ஒன்று கொஞ்சம் மங்கலாக எரிகிற மாதிரி பட்டது. கண்ணாடியில் என் மூச்சு வேறு படிந்து ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு நிமிஷம்தானே என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். விளக்குக்கு நேர் கீழே நின்று, கழுத்தை நிமிர்த்தி, இந்தக் குழாயா அந்தக் குழாயா என்று மாறி மாறிப் பார்த்தேன். சுடவில்லை, கூசவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. நின்றது ஒரு நிமிஷம் இல்லை என்பது பிறகு என் முகம் சொல்லித்தான் தெரிந்தது. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது யாரோ இரண்டு கண்ணிலும் ஒரு பிடி மணலை அள்ளி வீசிய மாதிரி எரிச்சல், தண்ணீர், இமை திறக்க முடியவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், நான் முதலில் நமஸ்காரத்தை முடித்துவிட்டுப் பிறகு கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். சின்ன டாக்டர் மருந்து விட்டு, ரெண்டு நாள்ல சரியாயிடும், ஆனா கிருமிக்குப் பயந்து நீங்களே விளக்குக்கு அடியில படுத்துக்காதீங்க சார் என்றார். சரியாகத்தான் போனது. வெளிச்சம் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆபீசில் திரிகிறேன். கண்ணை மூடிக் கிடந்த அந்த ஒரு நாளில் வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடந்து, டம்ளரை நழுவவிட்டு உடைத்தபோது, அத்தைக்கு இது தினப்படி என்று உறைத்தது சகலை. அதுக்கு மேல எழுத வரல, விடுங்க.

மறுபடி தட்டு வைக்கும் நாள் வந்தது. இந்தத் தடவை மேடம் கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எப்போதும் செய்கிற மாதிரியே செய்தேன். விளக்கை அணைத்தேன், உள்ளே போனேன், ஒவ்வொரு தட்டாக மூடியை எடுத்தேன். பேச்சுக்கு வசதியாக எப்போதும் போல, கறுப்புக் கண்ணாடியில் ஆவி வேறு படிகிறது என்று, முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டேன். வாசல்படியில் தலைமை நர்ஸ் நின்றிருந்தார். அவரிடம், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன். ஒளிப்பானேன், உங்களைப் பற்றித்தான். நீங்கள் தலைக்குச் சாயம் போடுவது அக்காவுக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பதும், அக்கா அந்தப் புட்டி தீரத் தீரத் தானே வாங்கி அதே இடத்தில் வைத்துக்கொண்டிருப்பதும். நல்ல கதை, கையை ஆட்டி ஆட்டி, தட்டின் மேல் குனிந்து குனிந்து சொன்னேன். சிஸ்டர் சிரித்து முடித்தார்கள். நானும் சிரித்தேன். முடிவு வந்த அன்று மேடம் என்னை உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை. இந்தப் புள்ளிகள் என்ன ஜாதி என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தாராம். கூரையிலோ குழாயிலோ இருக்கிற ஜாதி இல்லையாம், மனுஷன் வாய்க்குள்ளும் தொண்டையிலும் குடியிருக்கிற ஜாதியாம்.

“ரூம்ல ஒண்ணும் இல்ல சார். எல்லாம் உங்க வாயில இருந்து வந்தது.”

விளக்கு அதன் வேலையை ஒழுங்காகச் செய்து காற்றைச் சுத்தமாக்கி வைத்திருக்கிறது. அது அணைந்த பிறகு நான் உள்ளே போய், நின்று, பேசி, சிரித்து, புதிதாக ஒரு ஊரைக் குடியேற்றிவிட்டு வந்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும். ஏசி மெக்கானிக், பெருக்குகிற அம்மா, கூரை, குழாய் எல்லாரையும் கூண்டில் ஏற்றிவிட்டு, குற்றவாளியான வாயை முகத்திலேயே வைத்துக்கொண்டு விசாரணை நடத்தியிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது அது தவளையைப் பற்றியது என்று நம்பியவன் நான். ஒரு விதத்தில் பார்த்தால் சகலை, அந்தத் தட்டில் அடர்த்தியாக வளர்ந்து நின்றதெல்லாம் உங்கள் புகழ்தான். மேடம் கடைசியாக இன்னொன்றும் சொன்னார், அந்தச் சாயம் எந்தக் கம்பெனின்னு கேட்டுச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஆகும்.

பெரிய டாக்டர் கிளம்புவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தடவைதான் தட்டு வைக்க நேரம் இருந்தது. வேறு யாராவது வைக்கட்டும் என்றார் மேடம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், என் வாயால் வந்த வினையை என் கையாலேயே முடிக்கிறேன், ஒரே ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள் என்றேன். என் உரிந்த முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, வழியில் மூடி நழுவாதபடி சுற்றிலும் டேப் ஒட்டித் தட்டுகளைக் கொடுத்தார். சகலை, அன்றைக்கு நான் வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு முகமூடிக்கு மேல் இன்னொன்று. தொண்டையில் ஒரு சத்தம் கிடையாது. சிஸ்டர் வாசலில் நின்று, அப்புறம் உங்க சகலை கதை என்னாச்சு என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி முழுக்க ஆவி, எதிரே புகை மூட்டமாகத்தான் தெரிந்தது, மூச்சை அடக்கி அடக்கி நெஞ்சு வலித்தது. எனக்கு மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான் மாப்ளே என்ற குரல் மட்டும் காதில். மூலைக்கு ஒன்று, மேசை மேல் ஒன்று என்று தட்டுகளை வைத்தேன், வெளியே ஓடிவந்து மூச்சு விட்டேன். நேரம் முடிந்ததும் மறுபடி மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் வாரி எடுத்துக்கொண்டு வந்து பெட்டியில் வைத்தேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை என்று உங்கள் கொழுந்தியாள் சத்தியம் செய்வாள்.

நேற்று முடிவு வந்தது. மேடம் லீவு, அவருடைய உதவியாளர்தான் பெட்டியைத் திறந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு புள்ளி இல்லை. எந்தத் தட்டிலும் ஒரே ஒரு புள்ளி இல்லை. பளிங்கு மாதிரி, கோடைக்காலத்து வானம் மாதிரி, தட்டின் அடியில் வைத்த என் விரல் ரேகைகூடத் தெரிகிற மாதிரி சுத்தம். பெரிய டாக்டர் இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார், இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்லையே என்றார், கையெழுத்துப் போட்டார். நாளைக் காலையில் நடக்கும் முதல் ஆபரேஷனே அத்தைக்குத்தான். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழுதேனா என்றால், கண்ணில் மருந்து விட்டிருந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் கொழுந்தியாள் பாதியில் விட்ட அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, அதற்குப் பதிலாக அத்தைக்கான கட்டிலில் புது விரிப்புப் போட்டாள்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் அத்தையைப் பையோடு வேனில் முன் சீட்டில் உட்காரவைத்து அனுப்பிவிடுங்கள். இடது பக்கம் தெரியாது என்பதால் ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றச் சொல்லுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, இளைய மாப்பிள்ளை எல்லாம் தன் கையாலேயே பார்த்துச் செய்திருக்கிறார் என்று நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், அத்தைக்காகச் சொல்லுங்கள். என் முகத்தைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லாதீர்கள், கட்டுப் பிரித்ததும் நேரிலேயே பார்த்துச் சிரித்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் அக்காவுக்கும் என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் தேய்த்துக் கழுவிய கைகளோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடக்கத் தெரிந்த,
உங்கள் இளைய சகலை

பி.கு: டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். அத்தையை வேனில் ஏற்ற வேண்டாம். வேன் காலியாகவே வரட்டும். ரோடு சரியில்லை, வண்டி ரிப்பேர், எதையாவது சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன். லீவு முடிந்து வந்த மேடம் தட்டுகளைக் கழுவப் போடுவதற்கு முன் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். பெரிய டாக்டர் பயணத்தைத் தள்ளி வைக்க ஒத்துக்கொண்டார்; இப்போது மேடமே புதுத் தட்டுகளோடு உள்ளே போயிருக்கிறார்; என்னைத் தியேட்டர் பக்கமே வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அன்றைக்கு வைத்த தட்டுகளில், என்னிடம் கொடுக்கும்போது மூடியைச் சுற்றி மேடம் ஒட்டியிருந்த டேப் பிரிபடாமல், அதன் மேல் அவர் போட்ட பேனாக் கோடுகூடக் கலையாமல் அப்படியே இருக்கிறது.